பனியன் போகிற பெட்டியில் குடியேறப் போகும் மகனுக்கு

கண்ணு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதைக் கடைசிவரை படித்த பிறகு வைத்துக்கொள். பொங்கலூர் நிலத்தில் உன் கன்டெய்னர் வீட்டுக்காகக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஆபீஸ்காரர்கள் இல்லை, படம் வரைந்தவர் இல்லை, அபூர்வமாக இந்த முறை உங்கப்பாவும் இல்லை. என் வாய்தான். அது என்ன சொன்னது, ஏன் சொன்னது என்பதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன், புரிந்தது கொஞ்சம்தான். குரல் செய்தியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்றும், அந்த வேகத்தில் நான் அழுதாலும் சிரித்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றும் உன் கிருத்திகா ஒருநாள் உளறிவிட்டாள். அதனால்தான் கடிதம். உன் பெரியம்மா காதுக்கு விஷயம் போய்விட்டதால் இது ஏற்கெனவே ஊர்ச் சொத்து. ஆகவே யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ முதன்முதலாக இந்தப் பேச்சை எடுத்தது பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில். தையில் கல்யாணம் முடிந்ததும் கிருத்திகாவும் நீயும் பொங்கலூரில் என் பேரில் இருக்கும் நிலத்திலேயே இருந்துகொள்வோம், லேப்டாப் இருந்தால் வேலை நடக்கும் என்றாய். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அப்புறம், "கன்டெய்னர்ல ஊடும்மா" என்றாய். உங்கப்பா ரசத்தை நிறுத்திவிட்டு, "எந்த நாட்டுக்குடா அனுப்பற?" என்று கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இந்த ஊரில் கன்டெய்னர் என்றால் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறுவது. அதற்குள் யாரும் குடிபோவதில்லை. நீ போனில் படம் காட்டினாய். பனி, ஊசியிலை மரம், கண்ணாடிச் சுவர், கையில் காபிக் கோப்பையோடு வெள்ளைக்காரப் பெண். எல்லாப் படத்திலும் யாரோ ஒருத்தர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்திலும் அடுப்பில்லை, ஒருத்தருக்கும் வேர்க்கவில்லை. இதைக் கவனித்துச் சொன்னதற்கு, "அம்மா, நீ எதப் பாத்தாலும் செக்கிங் பண்ணாத" என்றாய். வாழ்நாளெல்லாம் பேக்கிங் டேபிளில் நின்று நூல் பிசிறு தேடியவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறாய்?

உன் காரணங்களை நான் மறக்கவில்லை. சீக்கிரம் முடியும், செலவு குறைவு, செங்கல் வேண்டாம், மணல் வேண்டாம், கப்பலில் போய் ஓய்ந்த பெட்டி வீணாகாது. கேட்கக் கேட்க எனக்கும் சரி என்றே பட்டது. கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "புடிக்கலீன்னா எப்ப வேணா தூக்கிட்டுப் போயிரலாம்மா" என்று, அங்கேதான் எனக்குக் குழம்ப ஆரம்பித்தது. வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாய்? வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் நத்தைக்குத்தான் உண்டு. அதன் பிறகு உன் பெட்டியைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு குறையும் நிஜமாகவே குறையா, அல்லது நீ தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்ற பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஆகவே கீழே வரும் குறைகளை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு படி.

அந்தப் பழைய பெட்டிகள் விற்கும் யார்டுக்கு நாம் நான்கு பேரும் போனோமே, அன்றைக்கு நானும் உங்கப்பாவும் அடித்த கூத்தை நீ உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். பரவாயில்லை, நானே சொல்கிறேன். நம் கம்பெனிப் பனியனை லோடு ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியை எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தோம். உங்கப்பா மூக்கை நுழைத்து, முந்தின லோடில் மருந்து வந்ததா மீன் வந்ததா என்று மோந்தார். நான் தரைப் பலகையில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தேன். அப்புறம் இருவரும் உள்ளே போய் நின்று, உன்னை வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னோம். ஊசிமுனை வெளிச்சம் எங்கேயாவது தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கும், சரக்கு கெடும். அன்றைக்கு ஒரு பொட்டு வெளிச்சமில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு இருட்டில் நாங்கள் இருவரும் நின்றதேயில்லை. அப்போதும் அவர் என்னிடம் சொன்னது, "ஏ ஒன் பெட்டி புள்ள, தாராளமா லோடு பண்ணலாம்" என்பதுதான். கதவு திறந்ததும் இரண்டு பேரும் சாயப்பட்டறையிலிருந்து எடுத்த துணி மாதிரி சொட்டச் சொட்ட வெளியே வந்து, பெட்டி பாஸ் என்று அறிவித்தோம். கிருத்திகா என் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்கத்தை, நாங்க ரெண்டு பேரும் பனியன் இல்லீங்களே."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. காற்றுப் போகாது, வெளிச்சம் வராது, கதவு வெளியிலிருந்து மட்டும்தான் பூட்டும். சரக்குக்கு இவையெல்லாம் யோக்கியதை. மனுசனுக்கு இவைதான் குறை. அதைப் பார்த்துப் பாஸ் போட்டவள் உன் அம்மா.

அப்புறம் நீ ஏற்பாடு செய்த பிளான் வரைபவர் வந்தார். நல்ல மனிதர், காபியில் சர்க்கரை கேட்டு வாங்கிக்கொள்கிறவர். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: வாசக்கால் எங்கே வைப்பது? நம் பக்கத்தில் வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, நவதானியம் முடிந்து கட்டி, நல்ல நேரம் பார்த்து நிறுத்தினால்தான் அது வீடு என்று பேர். "வெக்கலாமுங்க, ஆனா பக்கவாட்டுத் தகட்ட வெட்டோணுமுங்க" என்றார். வெட்டினால் என்ன என்று கேட்டேன். அந்தத் தகடு மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்கு அல்லவாம். பெட்டியின் பலத்தில் பாதி அந்த மடிப்பில் இருக்கிறதாம். வாசலுக்கும் சன்னலுக்கும் வெட்டிய இடத்திலெல்லாம் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் துரு பிடிக்கும். பெட்டி நிற்பது நான்கு மூலைத் தூண்களின் மேல். அந்த நான்கு மூலைக்கும் அடியில் கான்கிரீட் போட்டு, ஆடிக் காற்றுக்கு அசையாமல் இறுக்க வேண்டும். நம் பொங்கலூர்க் காற்று காற்றாலைக் கம்பெனிகளையே வரவழைத்த காற்று, அதற்கு உன் பெட்டி எம்மாத்திரம்? "அப்ப தூக்கிட்டுப் போக முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன். "இத்தன பண்ணுன பொறகு எங்கீங்க தூக்கறது?" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகிவிட்டது. உடனே, சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. இந்த இரண்டையும் உங்கப்பா கவனிக்கவில்லை. அவர் பிஸ்கட்டைக் காபியில் தொட்டுக்கொண்டிருந்தார்.

விதி வேறு இருக்கிறதாம். ஆள் குடியிருக்கும் அறைக்குத் தரையிலிருந்து கூரைவரை ஒன்பது அடிபோல உயரம் வேண்டும். உயரமான பெட்டி என்று நீ பார்த்து வைத்ததிலேயே உள்ளுக்கு எட்டே முக்கால்தான் வரும். வெயிலைத் தடுக்க மேலே பஞ்சடைத்துப் பலகை அடித்தால் இன்னும் இறங்கும். அதற்குமேல் காற்றாடி தொங்கினால், ஆறடி இருக்கும் நீ கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கக்கூட வெளியே வரவேண்டும். தரைப் பரப்புக்குத் தகுந்த சன்னல் வேண்டும், நான்கு பக்கமும் இடம் விட வேண்டும், உறுதிக்குப் பொறியாளர் சான்று வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் ஒரு ஒயர் பழுதானால் சுவரெல்லாம் ஷாக் அடிக்கும் என்பதால் எர்த் சரியாகப் போட வேண்டும். கப்பலில் பூச்சி வராமலிருக்கத் தரைப் பலகைக்கு மருந்து போட்டிருப்பார்கள், அதைப் பெயர்த்துவிட்டு வேறு போட வேண்டும். கேட்கக் கேட்க, பழைய பெட்டியில் மிஞ்சப்போவது அதன் நம்பர் மட்டும்தானோ என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து நிலத்தில் ஒருவர் இப்படி எல்லாம் செய்து சொகுசாக இருக்கிறார் என்றும் பிளான்காரரே சொன்னார். அதைக் கேட்டதும், அப்படியானால் செய்தால் என்ன என்றும் தோன்றியது. என் மனசு அன்றைக்கு டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஒன்றில் மட்டும் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பெட்டிக்குள் மழை பெய்யும். வெளியிலிருந்து அல்ல, உள்ளேயே. பகலில் கொதித்து இரவில் குளிரும் இரும்புக் கூரையில் உள்ளிருக்கும் ஈரக் காற்று முத்து முத்தாகக் கட்டிச் சொட்டும். அதற்குத்தானே நாம் பெட்டிக்குப் பெட்டி ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறோம்? ஒருமுறை அவசரத்தில் குறைவாகத் தொங்கவிட்டு, சாம்பல் நிற டீ ஷர்ட் முழுக்கப் பூஞ்சை பூத்துப் போய் இறங்கியது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து உங்கப்பா, "புது டிசைனாட்ட இருக்குது" என்றார், அழ முடியாமல். அட்டைப்பெட்டி மூச்சு விடாது. அதற்கே அந்தக் கதி. நீங்கள் இரண்டு பேர் மூச்சு விடுவீர்கள், குளிப்பீர்கள், சாம்பார் வைப்பீர்கள். உங்கள் தலைக்குமேல் எத்தனை பைகளைத் தொங்கவிடுவது?

இப்படியெல்லாம் விதி பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். நம் வீட்டு மாடிப்படி சாக்கடைமேல் இறங்குகிறது. காற்றுக்காக விட வேண்டிய சந்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. ஹாலில் கட்டிங் டேபிள், அதற்கு அடியில் உன் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகள். கிருத்திகா வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று மெஷின்கள் மேலெல்லாம் பூப்போட்ட பெட்ஷீட் விரித்து, சோபா மாதிரி பாவனை செய்தோமே. அவளுடைய அப்பா ஹால் நடுவில் நின்றுகொண்டு, மிக மரியாதையாக, "கம்பெனி ரொம்ப நல்லாருக்குதுங்க. ஊடு எங்கீங்க?" என்று கேட்டார். உங்கப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதானுங்க" என்றார். சம்பந்தி பெட்ஷீட் மேல் உட்காரப் போனார். கீழே ஓவர்லாக் தையல் மெஷின் இருந்தது நல்லவேளையாக எனக்கு ஞாபகம் வந்து தடுத்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் சம்பந்தமே முறிந்திருக்கும், அவருக்கு வேறு ஏதாவதும் முறிந்திருக்கும்.

இப்போது விண்ணப்பக் கதைக்கு வருகிறேன். நான் வரிசையாகக் கேள்வி கேட்பதைப் பார்த்துப் பிளான்காரர் ஒரு குறுக்குவழி சொன்னார். "ஊடுன்னு போட்டாத்தானுங்க உசரம், சன்னல்னு இத்தன கேள்வி. பனியன் இருப்பு வெக்கற குடோன்னு போட்டுட்டா சிரமமில்லாம முடிஞ்சிருமுங்க. அதுக்குள்ள நீங்க என்ன பண்ணறீங்கன்னு யாரு வந்து பாக்கறா?" உங்கப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனில் உனக்கும் பிடித்துவிட்டது, "சூப்பரும்மா, தைக்குள்ள முடிஞ்சிரும்" என்றாய். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. நாங்கள் வீடு என்று எழுதிவிட்டுக் கம்பெனி நடத்துகிறோம்; நீ குடோன் என்று எழுதிவிட்டுக் குடும்பம் நடத்தப் போகிறாய். ஒரு தலைமுறைக்குள் கணக்கு நேராகிவிட்டது என்றுகூட ஒரு நொடி பெருமைப்பட்டேன்.

நிலம் என் பேரில் இருப்பதால் ஆபீசுக்கு நானே போகவேண்டியிருந்தது. உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணுக்குக் கிருத்திகா வயசுதான் இருக்கும். படத்தைப் பார்த்தாள், பத்திரத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். நான் பேனாவைத் திறந்தேன். அவள் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "குடோன்தானுங்களாக்கா? உள்ள ஆரும் தங்க மாட்டாங்களல்ல?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? துணி சாயப்பட்டறையைத் தாண்டாதபோதே "சரக்கு கிளம்பிவிட்டது சார்" என்று பையருக்குச் சொல்லும் வாய் இது. ஆனால் அந்த நேரம் பார்த்து, போன மாசம் அனுப்பர்பாளையம் பக்கம் வேஸ்ட் துணி குடோன் ஒன்று எரிந்தது கண்முன் வந்து நின்றது. நானும் உங்கப்பாவும் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்தோம். கூட்டம், புகை, தீயணைப்பு வண்டி. நான் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டது, "என்ன சரக்குங்க?" என்று. "பனியன் வேஸ்ட்டுங்க" என்றார். "இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று உங்கப்பா கேட்டார். "இருக்குமாட்ட இருக்குதுங்க." சரி என்று சொல்லிவிட்டு நாங்கள் கத்தரிக்காய் வாங்கப் போய்விட்டோம். உள்ளே யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை, அங்கே நின்ற ஒருத்தரும் கேட்கவில்லை. குடோன்தானே? குடோன் எரிந்தால் சரக்கைத்தான் கேட்போம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் அப்படியே பழகிவிட்டது.

என் வாய் திறந்தது. "தங்குவாங்க கண்ணு" என்றேன். "வாட்ச்மேனுங்களா?" என்றாள். "இல்ல சாமி, எம்பையனும் மருமகளும்" என்றேன். உங்கப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்த செருப்பின் அச்சு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங்கக்கா, குடோனுக்குள்ள குடும்பம் தங்குதுன்னு எங்கிட்டயே சொல்லிப்போட்டா நான் என்னங்க பண்ணட்டும்?" என்றாள், பாவம், கிட்டத்தட்ட அழுகிற மாதிரி. தாள்களை அடுக்கிக் கையில் கொடுத்துவிட்டாள். உங்கப்பா வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். அப்புறம், "ஒரே ஒரு இல்ல. அத சொல்றதுக்கு உனக்கு வாய் வரல" என்றார். வீடு வரும்வரை அதையே வேறு வேறு ராகத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆகவே தைக்குள் உன் வீடு வராது கண்ணு. அதற்கு நான்தான் காரணம். கல்யாணமானதும் கொஞ்ச நாள் வாடகை வீட்டில் இருக்க வேண்டியிருக்கும், அல்லது இங்கே பெட்ஷீட் போர்த்திய மெஷின்களுக்கு நடுவில். உன் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள். வேண்டும் என்றும் சொல்லவில்லை. செங்கல் வீட்டில் மட்டும் எல்லாரும் குளுகுளு என்றா இருக்கிறோம்? பெட்டி வீடு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது. நீ எந்த வீட்டுக்குள் இருந்தாலும் அதற்குள் ஆள் இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

நேற்றுப் பிளான்காரரை மறுபடி வரச்சொன்னேன். உங்கப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிஸ்கட் வந்ததும் வெளியே வந்துவிட்டார். புது விண்ணப்பத்தில் குடியிருப்பு என்று போடச் சொல்லி, என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். உயரத்துக்கு என்ன வழி, சன்னல் எத்தனை, வெளியே ஓட இரண்டாவது வாசல் எங்கே, கூரையில் பஞ்சா வேறு ஏதாவதா என்பதையெல்லாம் நீ வந்து அவரோடு உட்கார்ந்து முடிவு செய். பெட்டி வேண்டாம், செங்கல்லே போதும் என்று முடிவானாலும் சரி; கையெழுத்து மாறாது.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் பயத்தில் கிருத்திகாவுக்குத்தான் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். சிரிக்கிறாளே என்று தைரியம் வந்து, "ஏங்கண்ணு, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்: "ஆளாளுக்கு அளந்தீங்க, மோந்து பாத்தீங்க, உள்ள போய்ப் பூட்டியும் பாத்தீங்க. எங்கிட்ட இத ஆரும் கேக்கலீங்கத்தை."

"இப்ப நாங் கேக்கறனல்ல சாமி."

"நீங்க கேட்டாப் பத்தாதுங்க. அவரு கேக்கோணும்."

விண்ணப்பம் கட்டிங் டேபிள்மேல் இருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்.

உன் அம்மா